மீன் பொறித்த வெள்ளி

இக்கட்டுரை ஒரு கொலுசிலிருந்து பிறந்தது. எங்கள் வரலாற்று மன்றத்தில் "பழங்கால நாணயங்கள்" என்னும் தலைப்பில் பேசிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், எங்க ஆச்சியோட கொலுசு பழைய காசை உருக்கிச் செஞ்சதாம்" என்றாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வருவாயா?" என்று கேட்டார்கள்.

ஆச்சி வந்தார்கள். மஞ்சள் துணியில் முடிந்திருந்த கொலுசுச் சோடியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "எங்க தாத்தா கெணறு தோண்டயில ஒரு சின்னச் சட்டி அகப்பட்டுச்சாம். உள்ள கறுப்புக் கறுப்பா, சதுரஞ் சதுரமா, தகரத்துண்டு மாதிரி. ரொம்ப நாளு பொட்டியில கெடந்துச்சு. எங்கம்மா கல்யாணத்துக்கு ஆசாரிகிட்டக் குடுத்து உருக்கிட்டாக. அதுல சூரியன் மாதிரியும் மீனு மாதிரியும் கோடு இருந்துச்சுன்னு எங்கம்மா சொல்லுவா." பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "அதுல என்னம்மா போச்சு? வெள்ளி வெள்ளிதான?" என்றார்கள்.

அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல எங்களால் இயலவில்லை. சில மாதங்கள் படித்தோம். கொற்கைக்கும் போய் வந்தோம். நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஆச்சி விவரித்த கறுப்புச் சதுரங்கள் எவ்வகைக் காசாக இருக்கக்கூடும் என்று முதலில் தேடினோம். இந்தியாவின் மிகப் பழைய நாணயங்களை அறிஞர்கள் "முத்திரைக் காசுகள்" என்கின்றனர். இவை கி.மு. 6 அல்லது 5-ஆம் நூற்றாண்டு முதல் வழங்கியவை. வெள்ளியைத் தகடாகத் தட்டி, துண்டு துண்டாக வெட்டி, எடை சரியாக வரும்வரை மூலைகளைக் கத்தரித்துவிடுவார்கள். ஆகவேதான் அவை முழுச் சதுரமாகவும் இரா, முழு வட்டமாகவும் இரா. பிறகு சிறு சிறு முத்திரைகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியால் அடிப்பார்கள். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஐந்து சின்னங்கள் இருக்கும்: சூரியன், ஆறு முனைச் சக்கரம், குன்று, மரம், யானை என்பன போன்றவை. எழுத்து ஒன்றும் கிடையாது. அரசன் பெயரும் கிடையாது. எடைக்கு அளவுகோல் குன்றிமணி. 32 குன்றிமணி எடை ஒரு காசு; இன்றைய கணக்கில் ஏறத்தாழ 3.4 கிராம். நாங்கள் குன்றிமணியை விளையாட்டுக்குப் பொறுக்கியவர்கள். அது ஒரு காலத்தில் நாணயச்சாலையின் எடைக்கல் என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது.

இவ்வகைக் காசுகள் தமிழகத்திலும் பல இடங்களில் கிடைத்துள்ளன. கீழடியில் 2021-ஆம் ஆண்டு அகழாய்வில் ஒரு வெள்ளி முத்திரைக் காசு வெளிவந்த செய்தியை நம்மில் பலர் நாளிதழில் படித்திருப்போம். எனினும் எங்கள் கண்ணைக் கவர்ந்தது போடிநாயக்கனூர்ப் புதையலே. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றின் பின்பக்கத்தில் கோடுகளால் அமைந்த ஓர் உருவம் இருக்கிறது. அதனை மீன் என்று கொள்கின்றனர். மீன் பாண்டியரின் சின்னம் அல்லவா? எனவே வடக்கே பிறந்த நாணய முறையைப் பாண்டியர் தம் நாட்டில் தம் சின்னத்துடன் அடித்து வழங்கினர் என்பது அறிஞர் கருத்து.

இப்புதையலை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் டி. டி. கோசாம்பி. அவர் வரலாற்று ஆசிரியராகத் தொடங்கியவர் அல்லர், கணிதப் பேராசிரியர். காசு கைமாறக் கைமாறத் தேயும். தேயத் தேய எடை குறையும். ஆகவே ஆயிரக்கணக்கான காசுகளைத் துல்லியமாக நிறுத்துக் கணக்கிட்டால் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லலாம் என்பது அவர் வழி. எழுத்தில்லாத காசைத் தராசைக் கொண்டே பேச வைத்தார். கணக்கென்றாலே முகத்தைச் சுளிக்கும் தோழியர் இதனைக் கவனிப்பார்களாக.

ஆச்சியின் தாத்தாவுக்குக் கிடைத்தவை இவ்வகைதான் என்று நாங்கள் சாதிக்க முடியாது, காசுகளே இல்லையே! ஆனால் சதுரம், கறுப்பு, சூரியன், மீன் ஆகிய நான்கு குறிப்புகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அத்துடன், கிணறு தோண்டிய ஊர் கொற்கைக்கு அருகில்.

ஒரு சனிக்கிழமை காலை ஏரல் வழியாகக் கொற்கைக்குச் சென்றோம். வாழைத் தோட்டங்களும் வயல்களும் சூழ்ந்த ஒரு சிற்றூர். ஒரு குளம், ஒரு பழமையான வன்னிமரம், வெற்றிவேல் அம்மன் கோயில். "துறைமுகம் எங்கே?" என்று எங்களுள் இளையவள் கேட்டாள். துறைமுகம் இல்லை, கடலே இன்று சுமார் 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து குவித்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. ஆயினும் கிரேக்க நூல்கள் "கொல்கை" என்று குறித்த முத்துத் துறை இதுவே. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய "எரித்திரியக் கடற்பயணம்" என்னும் நூல், இங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும், இத்துறை பாண்டிய அரசைச் சேர்ந்தது என்றும் குறிப்பிடுகிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தாலமியும் கொற்கையை வணிகத் தலமாகக் குறிக்கிறார்.

பேராயர் கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டில் இங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்து, பழைய கொற்கை இதுதான் என்று எழுதினார். 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை முறையாக அகழ்ந்தது. அப்போது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785-ஐ ஒட்டியது என்று கணிக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2021-இல் மீண்டும் அகழாய்வு நடந்தது.

நாங்கள் தேடிச் சென்ற ஒன்று மட்டும் இன்னும் பெயரளவில் அங்கே இருக்கிறது. அக்கசாலை! கொற்கையில் உள்ள ஒரு பழைய கோயில் இப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அக்கசாலை என்றால் பொன், வெள்ளி வேலை செய்யும் கூடம். நாணயம் அடிக்கும் சாலை. அக்கசாலை ஈசுவரமுடையார் என்பது, காசடிக்கும் கூடத்துக் கடவுள் என்று பொருள்படும். கூடம் போயிற்று, உலை போயிற்று, அடைகல் போயிற்று, பெயர் போகவில்லை. அக்கோயிலின் நிழலில் அமர்ந்து, கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். இந்த மண்ணில் எங்கோ, யாரோ ஒரு கொல்லர் வெள்ளித் தகட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தார் என்ற எண்ணமே சோற்றைவிடச் சுவையாக இருந்தது.

இங்கே ஓர் ஐயம் எழுந்தது. நம் தாமிரபரணிக் கரையில் வெள்ளிச் சுரங்கம் இல்லையே. வெள்ளி எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்துதான் வந்தது. முத்தும் சங்கும் மிளகும் துணியும் போயின, வெள்ளி வந்தது. இதுபோலத் தன் மண்ணில் வெள்ளி விளையாமலே வெள்ளிக் காசுக்குப் பேர்போன இன்னொரு துறைமுகம் உலகில் உண்டா என்று தேடியபோது சிஸ்டர் எங்களுக்குக் காட்டியது ரோட்ஸ். அது கிரேக்க நாட்டின் தென்கிழக்கே உள்ள ஒரு தீவு. அத்தீவின் தலைநகருக்கும் அதே பெயர்.

மகா அலெக்சாண்டர் கி.மு. 323-இல் இறந்தபின் அவருடைய தளபதிகள் பேரரசைப் பங்கு போட்டுக்கொண்டனர். அதன்பின் வந்த சுமார் 300 ஆண்டுகளை எலனியக் காலம் என்பர். அக்காலத்தில் ஏதென்சு மங்கியது, ரோட்ஸ் ஒளிர்ந்தது. எகிப்திலிருந்து கோதுமை ஏற்றிய கப்பல்கள் ரோட்ஸைத் தொட்டுத்தான் செல்லும். துறைமுக வரியே நகரத்தின் வருமானம். வரியாக வந்த வெள்ளியை உருக்கி நகரம் தன் காசை அடித்தது.

அக்காசின் ஒரு பக்கத்தில் சூரிய தேவன் எலியோசின் முகம் நம்மை நேரே பார்க்கிறது. தலைமயிர் காற்றில் பறக்கிறது. சில காசுகளில் தலையைச் சுற்றிக் கதிர்கள். மறுபக்கத்தில் ஒரு ரோஜா. ஏன் ரோஜா? கிரேக்க மொழியில் ரோஜாவுக்கு "ரோடான்" என்று பெயர். ஊர்ப்பெயரும் பூப்பெயரும் ஒலியில் ஒன்றாக இருந்ததால், பூவையே ஊரின் முத்திரையாக்கிவிட்டனர். எழுதப் படிக்கத் தெரியாத மாலுமிகூட ரோஜாவைப் பார்த்ததும் "இது ரோட்ஸ் காசு" என்பான். மீனைப் பார்த்ததும் "இது பாண்டியர் காசு" என்று நம் பரதவர் சொல்லியிருப்பார்கள் அன்றோ? ரோஜாவின் பக்கத்தில் அவ்வாண்டுக் காசுக்குப் பொறுப்பான அதிகாரியின் பெயரும் சிறு சின்னமும் இருக்கும். எடையில் குறை வந்தால் யாரைக் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கிரேக்கர் காசடித்த முறை நம்முடையதினின்றும் வேறு. அடிப்பக்க உருவத்தை வெண்கல அச்சில் குடைந்து அடைகல்லில் பதித்துவிடுவார்கள். அதன்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேலச்சைப் பிடித்து, ஓங்கி அடிப்பார்கள். இருபக்க உருவமும் ஒரே நேரத்தில் விழும். நம் கொல்லர் ஐந்து முறை அடித்து ஐந்து சின்னம் பதித்தார். அவர்கள் அச்சுகளுக்கிடையே வைத்து முழுப்படத்தையே பதித்தார்கள். அழகில் கிரேக்கக் காசு மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எடையின் நேர்மையில் நம் காசு எதற்கும் குறைந்ததன்று.

அலெக்சாண்டரின் நான்கு திராக்மா வெள்ளிக் காசு 17.2 கிராம் எடையுள்ளது. ரோட்ஸின் நான்கு திராக்மா அதைவிட இலேசு; கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் 13.5 கிராம் அளவே. இருந்தும் அயலூர்கள் அதனை ஏற்றன. சில ஊர்கள் அதனைப் பார்த்துத் தாமும் அடித்துக்கொண்டன. நம்பிக்கை இருந்தால் இலேசான காசும் ஓடும் போலும்!

கி.மு. 305-இல் தெமெத்ரியு என்ற அரசன் பெரும்படையுடன் ரோட்ஸை முற்றுகையிட்டான். ஓராண்டு போராடியும் நகரம் பணியவில்லை. அவன் விட்டுச்சென்ற முற்றுகைப் பொறிகளை விற்ற பணத்தில் மக்கள் தம் சூரிய தேவனுக்குச் சுமார் 33 மீட்டர் உயர வெண்கலச் சிலை எழுப்பினர். உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்று என்று நாம் பொது அறிவுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் அதே சிலைதான். கி.மு. 226-இல் நிலநடுக்கத்தில் அது முழங்காலோடு ஒடிந்து விழுந்தது. ஆனால் ரோட்ஸை வீழ்த்தியது போருமன்று, நிலநடுக்கமுமன்று. கி.மு. 167-ஐ ஒட்டி, ரோமாபுரி தேலோஸ் என்ற சிறு தீவை வரியில்லாத் துறைமுகம் ஆக்கியது. கப்பல்கள் அங்கே திரும்பின. ஆண்டுக்கு 10 இலட்சம் திராக்மாவாக இருந்த ரோட்ஸின் துறைமுக வருமானம் 1,50,000 ஆகக் குறைந்ததென்று வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். துறைமுகத்து மக்களாகிய நமக்கு இக்கணக்கின் வலி விளங்கும்.

கிரேக்கருக்கு நம் கடற்கரையைப் பற்றி என்ன தெரியும்? கி.மு. 300-ஐ ஒட்டிச் சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் ஒரு கதை எழுதி வைத்தார். எராக்ளிஸ் என்னும் வீரனுக்கு ஒரே மகள், பெயர் பண்டையா. அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயரே வழங்கிற்று. தந்தை அவளுக்கு 500 யானைகளும் 4,000 குதிரை வீரரும் 1,30,000 காலாட்படையும் கொடுத்தான். கடலெல்லாம் தேடி, இதுவரை காணாத ஓர் அணிகலனைக் கண்டெடுத்து மகளுக்குச் சூட்டினான். அதுதான் முத்து! இந்தியாவில் முத்து தன் எடையைப்போல் மூன்று மடங்கு பொன்னுக்கு விற்கிறது என்றும் அவர் கூறுகிறார். பண்டையா என்பது பாண்டிய நாடே என்பர். தேனீக்களைப் போல முத்துச் சிப்பிகளுக்கும் ஓர் அரசன் உண்டு, அவனைப் பிடித்தால் மற்றவை எளிதில் வலையில் விழும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். இதனை எங்கள் மன்றத்தில் படித்தபோது, சிப்பிக் குளித்த குடும்பங்களிலிருந்து வந்த தோழியர் வயிறு நோகச் சிரித்தனர். அத்தனை எளிதென்றால் அவர்களுடைய பாட்டன்மார் மூச்சை அடக்கிக் கடலடிக்கு ஏன் போகவேண்டும்?

அலெக்சாண்டரின் வெள்ளிக் காசை எடுத்துப் பாருங்கள். அதிலே சிங்கத்தோல் போர்த்திய தலை ஒன்று இருக்கும். அது யார்? எராக்ளிஸ்! நம் பாண்டிய அரசிக்குக் கிரேக்கர் தந்தையாக்கிய அதே வீரன்தான் மேற்கே எங்கும் வெள்ளிக் காசில் வழங்கிக்கொண்டிருந்தான்.

அதே எராக்ளிசின் முகத்தைத் தீர் நகரமும் தன் வெள்ளியில் பொறித்தது. தீர் என்பது நாம் நற்செய்தியில் சீதோனுடன் சேர்த்துக் கேட்கும் கடற்கரைப் பட்டணம். பினீசியரின் ஊர்; ஆனால் காசில் கிரேக்க எழுத்து. ஒரு பக்கம் அவர்கள் தெய்வமான மெல்கார்ட் எராக்ளிஸ் வடிவில், மறுபக்கம் கழுகு. எடை சுமார் 14 கிராம். வெள்ளியோ மிகத் தூய்மையானது. அத்தூய்மைக்காகவே, பிற தெய்வத்தின் உருவம் இருந்தும், எருசலேம் ஆலய வரியை இக்காசில் செலுத்தினர். மத்தேயு நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில், பேதுரு தூண்டில் போட்டுப் பிடித்த முதல் மீனின் வாயில் இருவருக்கான ஆலய வரிக்குப் போதுமான ஒரு நாணயம் இருந்தது என்று வாசிக்கிறோம். அது தீர் நகர வெள்ளியாக இருக்கலாம் என்பது நாணய அறிஞர் கருத்து. அங்கே மீன் காசைச் சுமந்தது. இங்கே பாண்டியர் காசு மீனைச் சுமந்தது!

யூதாஸ் பெற்ற 30 வெள்ளிக் காசுகளும் தீர் நகரத்தவையே என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் இடைக்கால ஐரோப்பாவில் நடந்தது வேறு. சில ஆலயங்களில் "யூதாஸின் காசு" என்று பக்தியோடு காத்து வைத்திருந்தவை ரோட்ஸ் காசுகள்! தலையைச் சுற்றிய கதிர்களைக் கண்டு அது சூரிய தேவன் என்று அறியாமல், நம் ஆண்டவரின் திருமுகம் என்று எளிய மக்கள் நம்பிவிட்டனர். அறிஞர் ஹில் 1905-இல் இவற்றை ஆராய்ந்து எழுதினார். அம்மக்கள் தவறாகப் புரிந்துகொண்டாலும் உருக்காமல் வைத்திருந்தார்கள் என்பதை எங்களுள் ஒருத்தி சுட்டிக்காட்டினாள்.

ரோட்ஸின் காலம் போய் ரோமரின் காலம் வந்தபோது வெள்ளி நம் நாட்டுக்குள் ஆறாய்ப் பாய்ந்தது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி வருந்தி எழுதினார். நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரிய வெள்ளிக் காசு. ஆகவே அது 1 கோடியே 25 இலட்சம் தெனாரியம். கோவை மாவட்டப் பகுதிகளில் பானை பானையாக இக்காசுகள் கிடைத்துள்ளன. பெரும்பாலும் அகுஸ்து சீசரும் திபேரியு சீசரும் வெளியிட்டவை. திபேரியுவின் காசில் ஒரு பக்கம் அவன் தலை. மறுபக்கம் அமர்ந்திருக்கும் ஒரு பெண். சீசருக்கு வரி செலுத்தலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு வாங்கிப் பார்த்த காசு இவ்வகையே என்று வழிவழியாகக் கூறுவர். அதே அச்சில் பிறந்த உடன்பிறப்புகள் கொங்கு நாட்டு மண்ணில் கிடக்கின்றன என்பதை நாங்கள் முன்பு அறிந்திருக்கவில்லை.

நமக்கு எதிர்க்கரையான இலங்கையைப் பற்றியும் பிளினி ஒரு செய்தி தருகிறார். புயலில் சிக்கி அங்கே கரையொதுங்கிய ரோமானியன் ஒருவனிடமிருந்த தெனாரியங்களை அந்நாட்டு மன்னன் பார்த்தானாம். வெவ்வேறு அரசர் தலைகள். ஆனால் எடை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று. இத்தனை நேர்மையா என்று வியந்து ரோமாபுரிக்குத் தூது அனுப்பினான் என்கிறார். கி.பி. 64-இல் நீரோ தெனாரியத்தின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். அதன்பின் அடித்த தெனாரியங்கள் இந்திய மண்ணில் அரிதாகவே கிடைக்கின்றன. நம் வணிகர் எழுத்தைப் படிக்காவிட்டாலும் தராசைப் படித்தவர்கள்.

அயல்நாட்டுக் காசைப் பார்த்து நம்மவரும் கற்றனர். சேரர் வெளியிட்ட ஒரு வெள்ளிக் காசில் ரோமானியக் காசில் உள்ளதைப் போலவே ஒரு தலை. அதற்கு மேலே தமிழ் பிராமி எழுத்தில் "மாக்கோதை" என்ற பெயர். பாண்டியரோ செம்பில் "பெருவழுதி" என்று பெயர் பொறித்தனர். ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் அதே கோட்டுருவ மீன். பெருவழுதிக் காசைக் கண்டறிந்து 1980-களில் உலகறியச் செய்தவர் இரா. கிருஷ்ணமூர்த்தி, தினமலர் ஆசிரியராக இருந்தவர். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்குவோர் உண்டு. அவர்களிடமிருந்து பழைய உலோக வியாபாரிகள் கைக்குப் போகும் காசுகளை அவர் பொறுமையோடு தேடி வாங்கினார். சேரர் காசுகள் மட்டுமல்ல. செலூக்கிய அரசர்களின் காசுகளும் கிரேக்க, பினீசிய நகரங்களின் காசுகளும் அவற்றில் இருந்தன. 2000-இல் அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவை அவர் கைக்கு வராமல் உலைக்குப் போயிருந்தால்? கிரேக்கக் காசு தமிழகம் வந்தது என்பதற்கு இத்தனை சான்று நம்மிடம் இருந்திராது.

கொற்கையின் கதைக்குத் திரும்புவோம். ரோட்ஸுக்குத் தேலோஸ் வந்ததுபோலக் கொற்கைக்கு வண்டல் வந்தது. துறைமுகம் கடலைத் துரத்திக்கொண்டு காயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட செழிப்பான பட்டினம் அந்தக் காயல். பிறகு அதுவும் மங்கி, தூத்துக்குடி எழுந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் முத்துக்கரையின் வருமானத்தில் ஒரு பகுதி போர்த்துகல் அரசியின் மிதியடிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. புனித சவேரியார் அரசி கத்தரீனாளுக்கு எழுதி, அதில் 4,000 பணத்தை இக்கரைச் சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பிப்போரின் ஊதியத்துக்குப் பெற்றார். அரசியின் செருப்புப் பணத்தில் நம் முன்னோர் செபம் கற்றார்கள் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. பின்னர் வந்த டச்சுக் கம்பெனியார் தூத்துக்குடியிலேயே சிறு பொற்பணங்கள் அடித்தனர். ஆக நம் ஊரிலும் ஓர் அக்கசாலை இருந்திருக்கிறது!

முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. 1973-இல் இங்குள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் முறையில் வெற்றி கண்டனர். சங்கு குளிப்போர் இன்றும் இருக்கின்றனர். கொற்கையில் வாழை இருக்கிறது.

இனி, பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். கிணறு, அடித்தளம், வாய்க்கால் தோண்டும்போது பழைய காசோ பானையோ கிடைத்தால் என்ன செய்வது என்று எங்கள் வீடுகளில் கேட்டோம். "வெளியே சொன்னால் போலீஸ் வரும்" என்ற விடையே பெரும்பாலும் கிடைத்தது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தைப் படித்துப் பார்த்தோம். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர், என்ன கிடைத்தது, எங்கே, எந்நாளில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால்தான் தண்டனை. உரிமையாளர் எவரும் இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. அரசே எடுத்துக்கொண்டால் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி விலை தரவும் அச்சட்டத்தில் இடம் இருக்கிறது. நிறுத்து உருக்கும் கடையில் இவ்விலை கிடைக்காது. இன்னொன்று: கறுத்துப்போன வெள்ளியைப் புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்க்காதீர்கள். தேய்த்தால் சின்னம் போய்விடும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

ஆண்டு இறுதியில் ஆச்சியை மறுபடியும் அழைத்தோம். படித்தவற்றைச் சொன்னோம். படங்களைக் காட்டினோம். முத்திரைக் காசின் படத்தைக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்கள். "இது மாதிரிதான் எங்கம்மா சொன்னா" என்றார்கள்; வேறொன்றும் பேசவில்லை.

பிறகு கொலுசை ஆய்வுக்கூடத் தராசில் வைத்தோம். சோடி 61 கிராம். ஆசாரி கூட்டியதும் கழித்ததும் எவ்வளவென்று நமக்குத் தெரியாது, இருந்தாலும் 3.4-ஆல் வகுத்துப் பார்த்தோம். ஏறத்தாழ 18 வந்தது.

"பதினெட்டா?" என்று ஆச்சி கேட்டார்கள்.

"ஆமா ஆச்சி, பதினெட்டுக் காசு இருந்திருக்கும்" என்றாள் பேத்தி.

ஆச்சி கொலுசை எடுத்து, ஒவ்வொரு வளையமாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்கள்.